சங்கையாவின் முகத்து வெளிச்சம்

முதலில் அநியாயம் செய்தவள் பூரணம். அதை ஊமத்தம்பட்டியில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் முகத்து வெளிச்சத்தில் தொடங்கி மொட்டுப்புழுவில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் வெளிச்சம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சங்கையாவின் பெண்சாதி செத்து வருஷம் திரும்பாத சமயத்தில், அவருடைய கூடப்பிறந்த அக்காள் பூரணம், தன் மகள் சமைந்தபோது தாய்மாமன் குடிசை கட்ட அவரை விடவில்லை. விடிவதற்குள் தோப்புக்குப் போய்ப் பச்சை ஓலை வெட்டி, தன் கையாலேயே முடைந்து, தோளில் சுமந்துகொண்டு சங்கையா அக்காள் வாசலுக்கு வந்து நின்றபோது, அங்கே ஏற்கெனவே ஒரு குடிசை நின்றது. அதைக் கட்டிய ஒன்றுவிட்ட தம்பி, பெண்சாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுவேட்டியில் சந்தனம் பூசி நின்றான்.

"சோடியில்லாத கைடா தம்பி, மனசுல வச்சுக்காத. பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போ" என்றாள் பூரணம், அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

சங்கையா ஓலையை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்துவிட்டார். சாப்பிடவில்லை. அன்றைக்கு விட்ட பேச்சுதான். அவர் மகள் தமயந்தி கல்யாணத்துக்குப் பூரணத்துக்குப் பத்திரிகை போகவில்லை. பூரணம் வீட்டுக்காரர் செத்தபோது சங்கையா சுடுகாட்டுக்குப் போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்தார். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வாய்க்கால் தண்ணீர், பக்கத்துப் பக்கத்து மல்லிகைக் காடு. ஆனால் அவர் தெருவில் வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவள் வந்தால் அவர் செருப்பைப் பார்த்து நடப்பார்.

மல்லிகைக்காரனுக்கு வேலையெல்லாம் விடிவதற்கு முன்னால். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து, மூட்டையை நிலக்கோட்டைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டுத் திரும்பினால் வெயில் ஏறியிருக்கும். அதற்குப் பிறகு பொழுது முழுக்கச் சும்மா கிடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, பூரணம் வீட்டைத் தாண்டி, அங்கிருந்து வரும் தாளிப்பு வாசனையையும் பேரன்பேத்திச் சத்தத்தையும் தாண்டி, தன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார் சங்கையா. திருப்பூருக்குக் கட்டிப்போன தமயந்தி, பேத்தி தன்ஷிகாவின் முகத்தை அப்பா பார்க்கட்டும் என்று ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். பேத்தியின் முகம் வாரத்துக்கு ஒருதடவை வந்தது. மற்ற மத்தியானங்களில் அந்தப் போனில் வேறு என்னென்னவோ வந்தது. யாரோ ஒருத்தன் அனுப்பியதை அவர் தெரியாமல்தான் தொட்டார், அடுத்ததைத் தெரிந்து தொட்டார், அதற்கப்புறம் அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை, போனே எடுத்துக் கொடுத்தது. முகம் தெரியாத பெண்கள், முகம் தெரியாத ஆண்கள், அவரைப் பார்த்து முகம் திருப்பாதவர்கள். சோறு ஆறிக் காய்ந்து கிடக்கும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்து முடித்ததும் உடம்பெல்லாம் கூசும், இனிமேல் இல்லை என்று போனைக் குப்புறக் கவிழ்த்துவைப்பார். மறுநாள் பூ போட்டுவிட்டு அதே தெரு வழியாக வருவார்.

அப்படி ஒரு மத்தியானம் முகம் கழுவக் குழாயடிக்கு வந்தவருடைய முகத்திலிருந்து போன் வெளிச்சம் போகவில்லை. போன் வீட்டுக்குள் இருந்தது, வெளிச்சம் முகத்தில் இருந்தது. நீலமும் வெள்ளையுமாக, உள்ளே ஏதோ அசைவது மாதிரி கூடிக் குறைந்துகொண்டு. சோப்புப் போட்டுத் தேய்த்தார், நுரையும் நீலமாக மின்னியது. குழாயடியில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி, "சங்கையண்ணே, இந்தக் குடத்துக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க, பாசி புடிச்சிருக்கான்னு தெரியல" என்றாள். அவரும் எட்டிப் பார்த்தார். பாசி இருந்தது.

இப்படித்தான் அது ஊருக்குள் நுழைந்தது. கரண்டு போன வீட்டில் பிரசவ வலி கண்டால் சங்கையாவைக் கூப்பிட்டு வாசற்படியில் உட்காரவைத்தார்கள், ஊசியில் நூல் கோர்க்கிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள், பூப் பறிக்கிற பெண்கள் அவர் நிற்கிற வரிசையில் தங்கள் நெற்றி விளக்கை அணைத்துப் பேட்டரியை மிச்சப்படுத்தினார்கள். கோவில் கொடைக்கு மைக்செட்காரன் வந்து, இவரை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு டியூப்லைட் குறைத்துக் கட்டலாமே என்று கேட்டான். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், அது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். ஒரு மத்தியானம் கதவைச் சாத்தாவிட்டால் மறுநாள் முகம் மங்குவதும், சாத்திய மறுநாள் பளிச்சென்று இருப்பதும் தெருவே பார்க்கிற காரியம். மோட்டாருக்கு டீசல் ஊற்றுவதைப் பேசுகிற குரலில், "மாமா இன்னிக்குப் பாத்தாரா?" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்துப்பூச்சிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. மல்லிகை மொட்டில் முட்டை வைத்து, புழுவாகத் துளைத்து, பூவை ஊதா நிறத்தில் அழுகவைக்கிற பூச்சிகள், பொழுது சாயும் நேரத்தில் காட்டிலிருந்து கிளம்பிச் சங்கையாவின் முகத்தைத் தேடி வந்து மொய்த்தன. பூ விவசாயிகள் சங்கத் தலைவர் தவசி இதைக் கண்டதும், ஒரு ஸ்டூலைக் காட்டு நடுவில் போட்டு, அவரைக் குனிந்து உட்காரவைத்து, முகத்துக்கு நேர்கீழே அகலத் தட்டில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றிவைத்தார். பூச்சிகள் முகத்தில் மோதித் தட்டில் விழுந்து செத்தன. அந்தப் பருவம் ஊமத்தம்பட்டிப் பூவில் ஒரு சொத்தை இல்லை. கமிஷன் கடையில் தனியாகக் குவித்து வைத்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொருவர் காடு என்று முறை வைத்துக்கொண்டார்கள், சங்கத்திலிருந்தே அவர் போனுக்கு நெட் போட்டுவிட்டார்கள்.

பூரணத்தின் காட்டு முறையும் வந்தது. அவள் வரவில்லை, தவசியைத்தான் அனுப்பினாள்.

"மாமா, பெரியம்மா காட்டுக்கு இன்னிக்கு."

"அவ வந்து கூப்பிட மாட்டாளா?"

"முட்டிவலியாம்."

"முட்டிவலி வாய்க்குமா வரும்?" என்றார் சங்கையா. ஆனால் போனார். தன் முகம் இல்லாமல் அவள் காடு பிழைக்காது என்பதை அந்தக் காட்டு நடுவிலேயே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியோடு வீட்டுக்குப் போனவர், மறுநாள் வழக்கத்தைவிட அதிக நேரம் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளைக்காரிகள் கடைசியாக வந்தார்கள். போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும் பிள்ளைகள், போன் இல்லாமலே சங்கையா முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தன. சாயங்காலம் அவர் காட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், இடுப்பில் பிள்ளையும் கையில் கிண்ணமுமாக அவர் வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்புவார். "அண்ணே, அசையாம இருங்க, இன்னும் ரெண்டு வாய்தான்" என்பார்கள். ஊர் தன்னைத் தேடி வருகிறது என்பதால் அவரும் அசையாமல் இருந்தார்.

பங்குனியில் தமயந்தி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, "கண்ணு கூசுமேப்பா, தூங்குறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பருப்புச் சாதம் பிசைந்து வந்து பிள்ளையைத் தாத்தா மடியில் உட்காரவைத்தாள். தன்ஷிகா அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தாள். இமைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது, சோறு உள்ளே போனது, என்ன தின்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அவளுடைய கருவிழி இரண்டிலும் நீலமாக ஏதோ அசைந்தது. அது தன் முகத்தில் அசைவதுதான் என்று சங்கையா பார்த்தார். என்ன அசைகிறது என்பது இந்த ஊரிலேயே அவர் ஒருத்தருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

"அப்படி என்னத்தப்பா பாக்குறா அதுல?" என்று தமயந்தி சிரித்தாள்.

சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிள்ளை வீறிட்டு அழுதது. அவர் துண்டை எடுக்கவில்லை. தமயந்தி ஊருக்குத் திரும்புகிறவரை அவர் வீட்டுக்குள்ளும் துண்டைப் போர்த்திக்கொண்டே நடந்தார். ஆடிக்கு மறுபடியும் வருவோம் என்று அவள் பஸ் ஏறினாள். பஸ் மறைந்ததும் அவர் நேரே கிணற்றடிக்குப் போய்ப் போனைத் தூக்கி உள்ளே போட்டார்.

போன் கிணற்றில் விழுந்த சேதி தவசிக்கு எட்டியது. பெரியவர் கைதவறிப் போட்டுவிட்டார் என்று சங்கம் கூடிப் பேசியது. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவில் முன்னால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, கைதட்டலுக்கு நடுவில், பழையதைவிடப் பெரிய கண்ணாடியுள்ள புதுப் போன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்க்கையில் ஊர் அவருக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. வாங்கிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டார்; அன்றைக்கு நடுச்சாமத்தில் அவருடைய வீட்டுக் கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் தெருச் சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவின.

ஆடிக்குப் பேத்தி வருவாளே என்ற பயத்தில் சங்கையா பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை, மனசுக்குப் பார்க்கிற அறைக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே தமயந்தி வயசில் ஒரு பெண் இருந்தாள். அறையில் பல்பு மங்கல். அவள் நாற்காலியை அவர் முகத்துப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சங்கையா செருப்பைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"எப்ப பாக்கத் தோணுது ஐயா?"

"மத்தியானம்."

"அதுக்கு முன்னாடி என்ன நடக்கும்?"

"பூ போட்டுட்டு வருவேன்."

"எந்த வழியா?"

"எங்க அக்கா வீட்டு வழியா."

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. அவ முகத்தத் திருப்பிக்குவா."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வந்து கதவச் சாத்திக்குவேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே இப்போதுதான் கேட்டது மாதிரி நிமிர்ந்தார்.

"வேற வழி இல்லையா ஊருக்குள்ள?" என்று கேட்டாள் அவள்.

"வாய்க்கா மேட்டு வழி இருக்கு. சுத்து."

"சுத்திப் போங்க."

"நான் எதுக்கும்மா சுத்தணும்? தப்புப் பண்ணவ அவ."

"தப்பு அவங்களோடதாவே இருக்கட்டும் ஐயா, அத யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்கல. ஆனா அவங்க பண்ண தப்புக்கு நீங்கதான் இத்தன வருஷமா கதவச் சாத்திக்கிட்டுக் கிடக்கீங்க. போன விடுறேன்னு பல்லக் கடிச்சா மட்டும் பத்தாது. அந்த மத்தியானத்துல வேற எதையாவது வைக்கணும். தனியாச் சாப்பிடாதீங்க. கதவத் திறந்தே வைங்க. முடிஞ்சா அக்காகிட்டப் பேசிப் பாருங்க."

"அது நடக்காது" என்றார் சங்கையா. "மத்ததச் செய்யுறேன்."

புதுப் போனைச் சங்கத்துக் கட்டிடத்தில் தவசியின் மேஜைமேல் வைத்துவிட்டு, பேச மட்டும் உதவுகிற பொத்தான் போன் ஒன்றை வாங்கிக்கொண்டார். வீட்டு முன்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் மேட்டு வழியாக, முள்ளை ஒதுக்கிக்கொண்டு, சுற்றிப் போனார். அந்த வழி போய்ச் சேருமிடத்தில் வேப்ப மரத்தடியில் பூப் பறிக்கிற பெண்கள் களையெடுப்புக்கு நடுவில் தூக்குவாளியைத் திறந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அவரும் தன் தூக்குவாளியோடு போய் ஓரமாக உட்கார்ந்தார். அவர்களில் வாய் பெரியவள் வீராயி.

"என்னண்ணே, கதவு களண்டு போச்சா? இங்க வந்து உக்காந்துட்டீக?"

"நாந்தான் களட்டுனேன்."

"அப்ப நல்லதுக்குத்தான். இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, கொழம்புல முள்ளு கெடக்கான்னு தெரியட்டும்."

முதல் நாட்களில் அவருடைய கட்டைவிரல் சும்மா இருக்காமல் தொடைமேல் தானாகத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு வேலை கொடுக்க, சாப்பிட்டு முடித்ததும் வாய்க்காலில் இறங்கிக் கோரை பிடுங்கினார், வெயிலில் முதுகு உரிகிறவரை பிடுங்கினார். தூக்கம் வராமல் இருந்தவருக்கு அடித்துப்போட்டது மாதிரி தூக்கம் வந்தது. வேப்ப மரத்தடியில் பேச்சும் வந்தது. பேச்சென்றால், தாய்மாமன் குடிசைக்கு ஓலை சுமந்த கதை, தினமும் அதே கதை, தோளில் ஓலை குத்திய இடம் உட்பட. கேட்டவர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது.

"அண்ணே, ஓலையை நாளைக்கு எறக்கலாம். இன்னிக்கு ரசத்த ஊத்துங்க" என்பாள் வீராயி. எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபமும் வந்தது, ஆனால் ரசத்தை ஊற்றினார்.

வெளிச்சம் காதிலிருந்து குறைய ஆரம்பித்தது. பிறகு நெற்றி, பிறகு மூக்கு. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பூரணம் அவர் உட்கார்ந்த பந்தியிலிருந்து எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். அன்றைக்கு அவர் வாய்க்கால் வழியை மறந்து, தவசியிடம் போய்ப் போனைக் கேட்டு வாங்கி, கதவில்லாத வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். முகம் மறுபடியும் எரிந்தது. ஊர் சந்தோஷப்பட்டது, தட்டில் மண்ணெண்ணெய்த் தண்ணீர் ஊற்றிவைத்தது. நாலைந்து நாள் கழித்துப் போனைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேப்ப மரத்தடிக்கு வந்தபோது, வீராயி ஒன்றும் கேட்காமல் இடம் விட்டு உட்கார்ந்தாள். கோரை மறுபடியும் வளர்ந்திருந்தது.

ஆனி பிறக்கும்போது முகம் வெறும் கறுப்பு முகமாகிவிட்டது. அந்துப்பூச்சிகள் காட்டுக்குத் திரும்பிப் போயின, மொட்டுகள் ஊதாவாக அழுகின. தவசி வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"மாமா, இது நியாயமா? ஊரே உங்கள நம்பித்தான வருசம் பூரா மருந்து வாங்காம விட்டுச்சு?"

"நான் பூச்சி மருந்துன்னு யாருகிட்டயாவது சொன்னேனா?"

"ஒரு அர மணி நேரந்தான? ஊருக்காகப் பாக்கக் கூடாதா?"

"ஊருக்காக நீ பாரு" என்றார் சங்கையா. தவசி உண்மையிலேயே முயற்சி செய்தார் என்றும், இன்னும் சிலரும் முயற்சி செய்தார்கள் என்றும், எவர் முகத்திலும் ஒரு மின்மினி அளவுகூட ஒட்டவில்லை என்றும் சொல்கிறார்கள். பிறகு மருந்து வாங்கினார்கள், விளக்குப்பொறி வாங்கி நட்டார்கள். வாசலில் பிள்ளைக்காரிகள் வருவது நின்றது. குழாயடியில் அவரைக் கண்டால் பேச்சு நின்றது.

ஆடியில் தமயந்தி வந்தாள். தன்ஷிகா தாத்தாவின் முகத்தை ஒருதடவை பார்த்தாள், அதில் ஒன்றும் ஓடவில்லை. கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். மறுநாளும் தட்டிவிட்டாள். "புள்ள எளைச்சுப் போகும்ப்பா, என் போனையாவது காட்டட்டுமா?" என்றாள் தமயந்தி. "பசிச்சாத் திம்பா, விடு" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, பிள்ளை அழுகிற ஒவ்வொரு தடவையும் அவர் கட்டைவிரல் தொடைமேல் அசைந்தது. தவசியின் மேஜைவரை நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காற்றில் கம்பி அறுந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரெல்லாம் கரண்டு போனது. தமயந்தி மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். இருட்டிக்கொண்டு வந்த வாசலில் சங்கையா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பிசைந்த சோற்றோடு உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததால் பிள்ளை கையால் தேடியது. அவர் தாடையைப் பிடித்தது, மீசையை இழுத்தது, வாய் எங்கே இருக்கிறது என்று விரலை விட்டுக் கண்டுபிடித்தது, கிண்ணத்தில் கையைப் போட்டு ஒரு பிடி சோற்றை எடுத்து அவர் வாயில் திணித்தது. பாதி மார்பில் கொட்டியது. அவர் தின்றார். அது சிரித்தது. அடுத்த பிடியை அவர் ஊட்டியபோது, மென்று, என்ன தின்கிறோம் என்று தெரிந்து தின்றது. "ம்" என்று இன்னும் கேட்டது.

தெருவில் ஒரு கைத்தடிச் சத்தம் வந்து அவர் வாசலுக்கு நேரே நின்றது.

"யாரு அது, இருட்டுக்குள்ள?" பூரணத்தின் குரல்.

"தன்ஷிகா தாத்தா."

கைத்தடி கொஞ்சம் முன்னால் வந்தது. "தம்பியா? முகமே தெரியலயேடா."

"தெரியாது."

"என் காடு பூரா புழு வச்சுப் போச்சு" என்றாள் பூரணம். "தவசி சொன்னான், நீ மனசு வச்சா..."

"அதுக்குத்தான் வந்தியா?"

கைத்தடி தரையில் ஒருதடவை தட்டியது.

"வேற எதுவும் சொல்றதுக்கு இருக்கா அக்கா?" என்று கேட்டார் சங்கையா. குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

பூரணம் இருட்டில் நின்றாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. தொண்டையைச் செருமினாள். செருமலுக்குப் பின்னால் ஒரு சொல் வருவது மாதிரி இருந்தது. சங்கையா கையிலிருந்த உருண்டையை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை பொறுக்காமல் அவர் கையைத் தன் வாய்க்கு இழுத்தது.

"புள்ளைக்குக் காரம் போடாத" என்றாள் பூரணம். கைத்தடி திரும்பித் தெருவோடு போனது.

அவள் சொல்லவேண்டியது அது இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லவேண்டியது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. சங்கையா அடுத்த உருண்டையை உருட்டினார்.